காயம்பட்ட இகுவானாவைக் குணப்படுத்திக்கொண்டே பழக்குவது எப்படி?

வால் பாதி அறுபட்டு, பின்னங்காலில் புண்ணோடு ஒரு இகுவானாவை, அதாவது ஓணான் மாதிரியான அந்தப் பெரிய பல்லியை, மீட்டு வந்திருக்கிறீர்கள். பக்கத்தில் போனால் சீறுகிறது, மிச்சமிருக்கும் வாலால் அடிக்கிறது. மருந்து போடப் பிடித்தால் மறுநாள் இன்னும் அதிகமாக மிரள்கிறது. குணப்படுத்துவதா, பழக்குவதா, எதை முதலில் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டையும் ஒரே நாளில் தொடங்கலாம். ஆனால் இரண்டும் ஒன்றோடு ஒன்று கலக்கக் கூடாது. மருந்து போடும் கையும் நட்பு தேடும் கையும் அதற்கு வேறு வேறாகத் தெரிய வேண்டும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் என் இகுவானா பச்சையன் தேவையில்லாமல் பயந்துகொண்டிருந்தான்.

அவன் என்னிடம் வந்தபோது வயிற்றில் தீக்காயம், ஒரு பின்னங்காலில் எலும்பு முறிவு. முன்பு வளர்த்தவர்கள் கூண்டுக்குள் சூடேறும் செயற்கைக் கல் வைத்திருந்தார்கள். இகுவானா இயல்பில் மேலிருந்து விழும் வெயிலில் காய்கிற பிராணி. அடியிலிருந்து வரும் சூடு தன் தோலைச் சுடுகிறது என்று அது உரிய நேரத்தில் உணர்ந்து விலகுவதில்லை. வயிறு வெந்த பிறகும் அங்கேயே படுத்திருக்கும். அந்த மாதிரிக் கல் உங்களிடம் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். மேலே தொங்கும் சூடு விளக்குக்கும் கம்பி வலை போடுங்கள், அது ஏறி பல்பைத் தொடாதபடி.

அது ஏன் சீறுகிறது என்பதையும் பார்ப்போம். காட்டில் இகுவானா பிறருக்கு இரை. பருந்து மேலிருந்துதான் வரும். அதன் தலை உச்சியில் வெளிர் நிறத்தில் ஒரு சிறு செதில் தெரியும், கவனித்திருப்பீர்கள். அது உருவம் பார்க்காத, வெளிச்சத்தையும் நிழலையும் மட்டும் உணரும் மூன்றாவது கண். நாம் மேலிருந்து கை நீட்டும் ஒவ்வொரு முறையும் அதற்குப் பருந்தின் நிழல்தான். கூடவே வலியும் இருந்தால், ஓட முடியாத பிராணிக்கு அடிப்பதும் கடிப்பதும்தான் மிச்சம். இதைக் கோபக்கார இகுவானா என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வலி குறையாமல் அதன் உண்மையான குணம் உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

அதனால் முதல் வேலை, ஊர்வனவற்றைப் பார்த்துப் பழக்கமுள்ள கால்நடை மருத்துவர். புண் சின்னதாகத் தெரிந்தாலும் ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். மீட்கப்படும் இகுவானாக்களில் நிறைய, கால்சியமும் வெயிலில் இருக்கும் புற ஊதா பி ஒளியும் கிடைக்காமல் எலும்பு மெலிந்துபோனவை. தாடை ரப்பர் மாதிரி வளைவது, கால்கள் உருண்டு திரண்டு கொழுத்த மாதிரித் தெரிவது, விரல்கள் வெடுக்வெடுக்கென்று துடிப்பது, இவையெல்லாம் அதன் அடையாளங்கள். பச்சையனின் கால் எந்த அடியிலும் முறியவில்லை, கூண்டுக்குள் நடந்ததிலேயே முறிந்திருந்தது. அப்படிப்பட்ட பிராணியை நாம் இறுக்கிப் பிடித்தால் இன்னொரு எலும்பும் போய்விடும்.

வாலைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். எதிரி பிடித்தால் வாலை விட்டுவிட்டு ஓடுவதற்கென்றே அதன் வால் எலும்புகளுக்குள் முறியும் இடங்கள் இருக்கின்றன. இளம் இகுவானாக்களில் இது சுலபமாக நடக்கும், வயது ஏற ஏறக் குறையும். இயல்பாக முறிந்த இடத்தைப் பெரும்பாலும் தைக்க மாட்டார்கள், தைத்தால் மறுபடி வளர்வது தடைப்படும். புதிதாக வளரும் பகுதியில் எலும்பு கிடையாது, குருத்தெலும்புதான். நிறமும் கறுப்பாக, நீளமும் குறைவாக இருக்கும். கவனிக்க வேண்டியது வேறொன்று. முனை காய்ந்து கறுத்து, அந்தக் கறுப்பு நாளுக்கு நாள் மேலே ஏறிக்கொண்டு வந்தால் சதை செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

காலில் உள்ள புண் விஷயத்தில் பொறுமை வேண்டும். நம் தோல் இரண்டு வாரத்தில் ஆறுவது இவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும். தையல் போட்டால்கூட நான்கு முதல் ஆறு வாரம் விட்டுவைப்பார்கள். தோல் உரிக்கும்போது ஒவ்வொரு உரிப்பிலும் புண் கொஞ்சம் சுருங்குவது தெரியும், அது ஒரு தனி சந்தோஷம். புண்ணுக்குப் பக்கத்தில் கெட்டியான கட்டி தெரிந்தால் பிதுக்கிப் பார்க்காதீர்கள். ஊர்வனவற்றின் சீழ் நீராக இருக்காது, பாலாடைக்கட்டி மாதிரி இறுகியிருக்கும். மருத்துவர் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

வீட்டில் நாம் செய்வது கொஞ்சம்தான். மருத்துவர் சொன்ன கிருமிநாசினியைச் சொன்ன அளவுக்கு நீர்க்கவைத்துக் கழுவுவது, அவர் கொடுத்த களிம்பை மெல்லியதாகத் தடவுவது, அவ்வளவுதான். ஹைட்ரஜன் பெராக்சைடைத் தினமும் ஊற்றினால் புதிதாக வரும் சதையும் கருகும். மரத்துப்போகச் செய்யும் மருந்து கலந்த களிம்பும், நமக்கான வலி மாத்திரையும் கூடவே கூடாது. தரையில் மரத்தூள், மண் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறும் காகிதம் விரியுங்கள், அழுக்கானால் உடனே மாற்றலாம். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால் நல்லது என்று பலர் சொல்வார்கள். புண் திறந்திருக்கும்போது எனக்கு அதில் உடன்பாடில்லை. இகுவானாவுக்குத் தண்ணீரைக் கண்டால் அதிலேயே மலம் கழிக்கும் வழக்கம் உண்டு, அந்த நீர் புண்ணில் படும். பதிலாகக் கீரையை நனைத்துக் கொடுங்கள், உடம்பில் தண்ணீர் தெளியுங்கள்.

எந்த மருந்தைவிடவும் முக்கியம் சூடு. இதன் உடல் தானாகச் சூடு உண்டாக்காது. குளிர்ந்து கிடக்கும் இகுவானாவுக்கு நோய் எதிர்ப்பும் வேலை செய்யாது, கொடுத்த மருந்தும் சரியாகப் பரவாது, தின்றதும் செரிக்காது. வெயில் காயும் இடம் 35 டிகிரி செல்சியஸ் அளவில், எதிர்ப்பக்கம் 26, 27 அளவில் இருக்கட்டும். எங்கே இருக்க வேண்டும் என்பதை அது முடிவு செய்யும். கால் சரியாகும்வரை வெயில் காயும் கிளையைத் தாழ்வாக வையுங்கள். பச்சையனுக்கு நான் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்தான் வைத்தேன். புற ஊதா பி விளக்கு தினமும் 12 மணி நேரம் எரிய வேண்டும். இடையில் கண்ணாடி இருந்தால் அந்த ஒளி உள்ளே போகாது, ஜன்னல் வெயிலும் அதனால்தான் பயன்படாது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் அந்தக் கதிர் குறைந்துவிடும், மாற்ற வேண்டும். இரவில் முழு இருட்டு.

உணவு இலைதான். புழு, பூச்சி, முட்டை, நாய் உணவு எதுவும் வேண்டாம். இது முழுத் தாவர உண்ணி. விலங்குப் புரதம் வருடக்கணக்கில் சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். கடுகுக் கீரை, டர்னிப் இலை, டேன்டிலயன் இலை, செம்பருத்தி இலையும் பூவும் நல்லவை. பாலக் கீரையில் இருக்கும் ஆக்சலேட் என்ற பொருள் கால்சியத்தைக் கட்டிப்போடும், அதை வழக்கமாக்காதீர்கள். வந்த சில நாட்கள் தின்னாமல் இருக்கலாம். வாயைத் திறந்து திணிக்காதீர்கள். வாரம் ஒரு முறை எடை போட்டு எழுதி வையுங்கள், இறங்கிக்கொண்டே போனால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நடுவில் தும்மி, மூக்கோரம் வெள்ளையாக உப்பு படிந்தால் பயப்பட வேண்டாம், மிகுதி உப்பை அது அப்படித்தான் வெளியேற்றும்.

சரி, இப்போது பழக்குவது.

ஆரம்பத்தில் நான் செய்த தவறு, மருந்து போட்டு முடித்ததும் சமாதானப்படுத்துவதாக நினைத்துத் தடவிக்கொடுத்தது. அவன் கண்ணை மூடிக்கொள்வான். அமைதியாகிவிட்டான் என்று நினைத்தேன். அது தவறு. உடம்பு தளர்ந்து, மெதுவாகக் கண் சொருகினால் அமைதி. உடம்பு விறைத்து, நம் பக்கம் இருக்கும் கண்ணை மட்டும் இறுக்க மூடினால், இந்த ஆள் இல்லாமல் போகட்டும் என்று அது காத்துக்கொண்டிருக்கிறது. துடிப்பது நிற்கும்வரை பிடித்து வைத்திருந்தால் பழகிவிடும் என்ற அறிவுரையும் அடிக்கடி வரும். காயம்பட்ட பிராணியிடம் அதைச் செய்யாதீர்கள். துடிப்பது நிற்பது சலிப்பினால், நம்பிக்கையினால் இல்லை.

இகுவானாவுக்கு நிறம் நன்றாகத் தெரியும். அதை வைத்துத்தான் நான் வழி கண்டேன். ஒரு நீலத் துண்டு எடுத்தேன். மருந்து போடும்போது மட்டும் அந்தத் துண்டு. தலையை மூடி, கால்களை உடலோடு சேர்த்து மெல்லச் சுற்றி, புண் உள்ள இடத்தை மட்டும் வெளியே விட்டு, கூண்டிலிருந்து தள்ளி வேறொரு அறையில், வேறொரு மேசையில். ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிட்டு, பேசாமல் கொண்டுபோய் விடுவேன். துண்டு இல்லாத வெறும் கை அவனை ஒருபோதும் பிடிக்காது, ஒருபோதும் வலிக்கவைக்காது. முடிந்தால் மருந்து போடுவதை வீட்டில் இன்னொருவரிடம் விட்டுவிடுங்கள், அது இன்னும் நல்லது.

மற்ற நேரத்தில் கூண்டின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். கண்ணை நேராகப் பார்க்காமல், அதன் கண் மட்டத்துக்குத் தாழ்ந்து, புத்தகம் படித்துக்கொண்டு. தினமும் ஒரே நேரம், அரை மணி. பிறகு கீரைக் கிண்ணத்தை வைக்கும்போது கையை உடனே எடுக்காமல் பக்கத்தில் விட்டுவைத்தேன். கை எப்போதும் பக்கவாட்டிலிருந்து, தாழ்வாக, அது பார்க்கும்படி வர வேண்டும். தாடைக்குக் கீழே தொங்கும் தோலை விரித்து, உடம்பைப் பக்கவாட்டில் தட்டையாக்கி, வாலை வளைத்தால் அது எச்சரிக்கை. அங்கேயே நின்றுவிடுங்கள். முன்னேறவும் வேண்டாம், வெடுக்கென்று பின்வாங்கவும் வேண்டாம். அது தளர்ந்ததும் நிதானமாக விலகுங்கள். தளர்ந்தால் கை போய்விடும் என்று அதற்குப் புரிய இரண்டு மூன்று வாரம் பிடிக்கும்.

செம்பருத்திப் பூவை என் விரலிலிருந்து அவன் முதலில் எடுத்தது, இப்படி உட்காரத் தொடங்கிய நாற்பதாவது நாளோ என்னவோ. முதல் தொடுதல் தோள்பட்டையின் பக்கவாட்டில், இரண்டு நொடி. நான்காவது மாதம் தானாக என் முழங்கையில் ஏறினான். தூக்கும்போது மார்புக்கும் இடுப்புக்கும் கீழே கை கொடுத்து முழு எடையையும் தாங்குங்கள், வாலைப் பிடிக்கவே கூடாது.

ஒவ்வொரு முறையும் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். நலமாகத் தெரியும் இகுவானாவின் உடலிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களும் தொடாமல் இருப்பதே நல்லது. சமையலறைத் தொட்டியில் அதன் பாத்திரங்களைக் கழுவாதீர்கள். உங்களுடையது ஆணாக இருந்தால், இனப்பெருக்க காலத்தில் நன்கு பழகியதுகூட வருடத்தில் சில வாரங்கள் மாறிப்போகும், தலையை வேகமாக ஆட்டிக்கொண்டு பாயும். அப்போது தள்ளி நில்லுங்கள், பழைய பழக்கம் எங்கும் போய்விடாது. நன்றாக வளர்ந்தால் வாலோடு ஒன்றரை மீட்டருக்கு மேல் போகும், பதினைந்து, இருபது வருடம் வாழும். அவ்வளவு இடமும் காலமும் உங்களால் முடியாது என்றால், குணமான பிறகு முடிந்தவரிடம் ஒப்படைப்பதில் ஒரு குறையும் இல்லை. வெளியே மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பச்சையனின் கால் கொஞ்சம் வளைந்தேதான் கூடியது. வயிற்றில் செதில் இல்லாத ஒரு திட்டு இன்னும் தெரிகிறது. தினமும் சாயங்காலம் என் தோளில் ஏறி உட்காருகிறான். நீலத் துண்டு அலமாரியில் இருக்கிறது, நகம் வெட்டும் நாளில் மட்டும் வெளியே வரும். அதைப் பார்த்ததும் கிளையின் கடைசிக்குப் போய்விடுவான். வெட்டி முடித்து, துண்டை உள்ளே வைத்துவிட்டு வெறும் கையோடு வந்து உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்தில் இறங்கி வருகிறான்.