மென்பவளமும் சோம்பு வாசமும்: கேள்வி பதில்

மலேசியாவின் கெடாவில், பீடோங் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவன் நான். கடல்மீன் தொட்டி வைத்துத்தான் பவளங்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். கல்லாக இறுகாத பவளமான மென்பவளம் பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி (படிவம் 5 மாணவி): ஒரே இடத்தில் ஒட்டிக்கிடக்கும் மென்பவளம் எப்படி இணை தேடும், சார்?

பதில்: தேடாது, தங்கச்சி. ஒரு மென்பவளம் என்பது சிறு உயிர்கள் ஒட்டி வாழும் ஒரு கூட்டம். பல இனங்களில் ஆண் கூட்டம் வேறு, பெண் கூட்டம் வேறு. முட்டையையும் விந்தணுவையும் நீரில் விட்டுவிடும். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் முழுநிலவுக்குப் பிந்திய சில இரவுகளில் பல இனங்கள் ஒன்றாக விடுகின்றன. அவ்வளவு நெரிசலில் விந்தணு முட்டையிடம் போய்ச் சேர வேண்டுமே? லோபோஃபைட்டம் கிராசம் என்ற மென்பவளத்தின் முட்டையில் எபி-தன்பர்கால் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. டெர்பீன் என்ற வேதிப்பொருள் குடும்பத்தில், 20 கார்பன் அணு கொண்ட டைட்டர்பீன் வகை இது. இது கசிகிற பக்கம் பார்த்து விந்தணு நீந்தும். வேதியியலாளர் ஜான் கால் (John Coll) குழுவினர் 1995இல் இதை வெளியிட்டார்கள். சில இனங்களில் முட்டையில் உள்ள டெர்பீன் தாய்க்கூட்டத்தில் இருப்பதே இல்லை.

நம் செம்பனையின் ஆண்பாளை சோம்பு வாசம் வீசி வண்டை இழுப்பதை நினைத்துக்கொள்.

கேள்வி: என் தொட்டியில் முட்டை விடுமா?

பதில்: பெரும்பாலும் துண்டாகித்தான் பெருகும். ஆனால் வடிகட்டியில் உள்ள கரியை மாற்றுங்கள். மென்பவளம் கசியவிடும் டெர்பீன் பக்கத்துக் கல்பவளத்தை வாட்டிவிடும்; கரி அதை உறிஞ்சும்.

கேள்வி (ஓய்வுபெற்ற வெளிக்காட்டுக் கிராணி, தோட்ட வேலையை மேற்பார்த்தவர்): தம்பி, வண்டு உவமை தப்பு. செம்பனை மகரந்தத்தைச் சுமக்கும் கேமரூன் வண்டு 1981இல்தான் மலேசியாவுக்கு வந்தது. அதுக்கு முன்னே மகரந்தத்தைப் பவுடரில் கலந்து நாங்கள்தான் பெண்பாளையில் அடித்தோம். வண்டு வெறும் தூது. விந்தணு மாப்பிள்ளையே!

பதில்: அந்தப் பவுடரை அடித்தவர்களில் என் அம்மாவும் ஒருத்தி, ஐயா. தூது விஷயத்தில் தோற்றேன்.

கிராணி ஐயா மீண்டும்: பெண்பாளையில் வண்டுக்கு என்ன லாபம்?

பதில்: ஒன்றுமில்லை. அது தின்பதும் முட்டையிடுவதும் ஆண்பாளையில்தான். பெண்பாளை அதே வாசத்தைக் கொஞ்சம் வீசி ஏமாற்றுகிறது. பவள முட்டையிடம் அந்தக் கள்ளத்தனம் இல்லை. வந்தவனுக்கு வந்த காரியம் நடக்கும். உவமை அங்கேயும் நொண்டுகிறது, சரி.

கேள்வி: தியோமான் தீவுக்குப் போகிறேன், ஒரு துண்டு எடுத்து வரலாமா?

பதில்: கூடாது. அது கடல்பூங்கா.

கேள்வி: தொட்டியில் முட்டை விடுமா, அண்ணே?

பதில்: மேலே இருக்கிறது. கரி மாற்றினீர்களா?