பொன்னாடையும் உழவு மெசினும்

அன்புள்ள ஐயாவுக்கு,

இலங்கையின் மட்டக்களப்பில், களுவாஞ்சிக்குடிக்குப் பக்கத்தில் கடற்கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். எங்கள் விளையாட்டுக் கழகத்தின் செயலாளர் நான். ஊரில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கும் ஓர் அக்கா, ஆறு வருடமாக மாதத்தில் ஒரு ஞாயிறு பிள்ளைகளையும் பெரியவர்களையும் சேர்த்துக்கொண்டு கடற்கரையில் குப்பை பொறுக்குகிறார். தொடக்கத்தில் ஐந்தாறு பேர்தான். இப்போது நாற்பது பேர் வரையில் வருகிறார்கள். கழகத்தின் ஆண்டு விழாவில் அவரைக் கௌரவிக்க வேண்டும் என்று நான் பிரேரணை கொண்டுவந்தேன். அதில்தான் சண்டை.

சேவை செய்பவருக்கு மாலை போட்டால் சேவை கெட்டுப்போகும், பிறகு மாலைக்காகவே செய்வார் என்கிறார்கள் ஒரு பகுதியினர். பிரதம அதிதியை அழைத்து, பொன்னாடை போர்த்தி, ‘சமூகஜோதி’ பட்டமும் கேடயமும் கொடுத்துப் பெரிதாகச் செய்யவேண்டும் என்கிறார்கள் மற்றவர்கள். அக்காவிடமே போய்க் கேட்டேன். “எனக்கு மாலை என்னத்துக்கு மனே? கையுறை ரெண்டு டசின் வாங்கித் தாங்க” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.

உங்கள் கருத்து என்ன? கௌரவிப்பதென்று முடிவானால் ஒரு வாழ்த்துப்பாவும் எழுதித் தரவேண்டும். அக்கா உங்கள் எழுத்தை வாசிப்பவர். ஆகவே என் பெயரைப் போடவேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

பெயரைப் போடவில்லை. ஆனால் அந்தக் கையுறைக் கதையை வாசித்த உடனேயே எழுதியது யார் என்று அக்காவுக்கு விளங்கிவிடும். அதற்கு நான் பொறுப்பில்லை.

மாலை போட்டால் சேவை கெட்டுவிடும் என்கிறவர்களின் கதையை முதலில் பார்ப்போம். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்பது சரிதான். ஆனால் அது கொடுக்கிறவருக்குச் சொன்னது. வாங்குகிறவருக்குச் சொன்னதல்ல. ஆறு வருடமாக வாங்கிக்கொண்டிருப்பது உங்கள் ஊர். ஊர் வாயைத் திறக்காமல் இருப்பதற்கு அந்த வசனத்தைத் துணைக்கு இழுப்பது, கஞ்சத்தனத்துக்கு வேட்டி கட்டிவிடுகிற மாதிரி.

அதோடு ஊர் உண்மையிலேயே சும்மாவா இருக்கிறது? அந்த அக்கா காது படவே ‘வேற வேலை இல்லையா’ என்று யாராவது கேட்டிருப்பார்கள். ‘எங்கேயோ இருந்து காசு வருதாம்’ என்று முதுகுக்குப் பின்னால் நிச்சயம் கதைத்திருப்பார்கள். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் தொண்டு என்றாலே பின்னால் ஒரு நிறுவனம், ஒரு வெள்ளை வாகனம், ஒரு பெயர்ப்பலகை இருக்கும் என்று சனம் பழகிவிட்டது. சொந்தக் காசில் கையுறை வாங்குகிற ஆளை நம்புவதற்குக் கொஞ்சம் நேரமெடுக்கும். ஊர் கூடியிருக்கிற இடத்தில் ‘இவர் எவரிடமும் ஒரு சதம் வாங்காமல் இதைச் செய்கிறார்’ என்று ஒலிவாங்கியில் ஒருதடவை சொல்வதற்கு ஒரு பெறுமதி இருக்கிறது. ஆகவே கௌரவியுங்கள். சண்டையில் நான் உங்கள் பக்கம்.

ஆனால் பொன்னாடைக் கட்சியோடு எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் எதைக் கௌரவிக்கப் போகிறார்கள் என்று அவர்களுக்கே தெரியுமா என்பது என் சந்தேகம்.

எங்கள் கல்லடிப் பக்கத்தில் இதே வேலையைச் செய்கிற ஒருவர் இருக்கிறார். தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் வேடிக்கை பார்க்கலாம் என்று போனேன். ஆறரைக்கு வரச் சொல்லியிருந்தார். நித்திரை வராததால் ஐந்தரைக்கே போய்விட்டேன். அவர் எனக்கு முதலே அங்கே. கையில் ஒரு நீளத் தடி. தனியாக நடந்து, மணலைக் குத்திக் குத்திப் பார்க்கிறார். போத்தல் ஓடு கிடக்கும் இடங்களில் ஒரு தென்னை ஈர்க்கை நட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டிவிடுகிறார். பிள்ளைகள் அந்தப் பக்கம் போகக்கூடாது, பெரியவர்கள் சப்பாத்தோடு போகவேண்டும் என்று அர்த்தம். பிறகு கரைவலைக்காரர்களிடம் போய் வலை எப்போது கரைக்கு வரும் என்று கேட்டுக்கொண்டார். கயிறு இழுக்கிற நேரத்தில் பிள்ளைகள் குறுக்கே நின்றால் இரண்டு பகுதிக்கும் கரைச்சல். இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

பொறுக்குகிற வேலையும் தூரத்தில் நின்று பார்க்கிற மாதிரி இல்லை. பாதி புதைந்து கிடந்த, குழந்தைக்குக் கட்டுகிற பம்பஸ் ஒன்றை இழுத்தேன். கடல் தண்ணீரையும் மணலையும் குடித்து ஊதி, ஒரு சின்னப் பூசணிக்காயின் பாரம் இருந்தது. ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பெட்டித் துண்டு ஒன்றைத் தூக்கினால் கையில் வந்தது பாதிதான். மிச்சம் வெள்ளை மணியாக உதிர்ந்து காற்றோடு ஓடியது. அதைத் துரத்திப் பிடிக்கப்போய் நான் விழுந்ததைச் சிறுவர்கள் நன்றாக இரசித்தார்கள். நைலோன் வலைத்துண்டு இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. கடைசியில் கத்தியால் வெட்டி எடுத்தோம். செருப்புகள் கிடந்தன. எல்லாம் ஒற்றைச் செருப்பு. சோடி சேர்ந்து ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

ஒரு பெடியன் உற்சாகத்தில் அடம்பன் கொடியையும் பிடுங்கிச் சாக்கில் போட்டான். மனுசன் ஓடிவந்து தடுத்தார். அந்தக் கொடிதான் கரை மணலைக் காற்றுக்குப் போகாமல் பிடித்து வைத்திருக்கிறது, குப்பை அதற்குள் சிக்கியிருந்தால் கொடியை விலக்கிவிட்டுக் குப்பையை மட்டும் எடு என்று குந்தியிருந்து காட்டிக் கொடுத்தார். வேறொரு இடத்தில் நடந்த பெரிய விழா எனக்கு ஞாபகம் வந்தது. ‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்று பனரில் கொட்டை எழுத்து. அதற்குக் கீழே ஜேசிபி ஒன்று அடம்பன் கொடியை வேரோடு வாரிக்கொண்டிருந்தது.

சிரமதானம் என்ற சொல்லை இந்த நாட்டில் எல்லோர் வாயிலும் போட்டது சர்வோதயம். 1958இல் ஏ.ரி. ஆரியரத்ன தன் மாணவர்களைக் கனத்தொலுவ என்ற கிராமத்துக்குக் கூட்டிப்போனதில் தொடங்கிய இயக்கம் அது. சிரமத்தைத் தானமாகக் கொடுப்பது. சரி, ஆனால் எந்தச் சிரமத்தை? நாம் கண்ணால் காண்பது குனிந்து பொறுக்குகிற இரண்டு மணித்தியாலத்தை. அதை நாற்பது பேரும் கொடுக்கிறார்கள். அந்த இரண்டு மணித்தியாலத்துக்காக ஒரு கிழமையாக நாற்பது பேருக்கும் கோல் எடுத்து, சாக்குச் சேர்த்து, தேத்தண்ணிக்கு ஆள் பிடித்து, மழை வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது ஒருவர் மட்டும். ஒழுங்கு செய்கிறவரின் சிரமம் படத்தில் விழாது. உங்கள் அக்காவைக் கௌரவிப்பதென்றால் அந்தப் பகுதியைத்தான் கௌரவிக்கவேண்டும். அதற்கு முதலில் அது என்னவென்று தெரிந்திருக்கவேண்டும்.

இப்போது மெசின் கதைக்கு வருகிறேன்.

குப்பை பொறுக்குவதைவிடக் கஷ்டமான வேலை பொறுக்கிய குப்பையை அனுப்புவது. சில வருடங்களுக்கு முதல் நானும் சேர்ந்த ஒரு துப்புரவு நாளில், பெட்டி பூட்டிய உழவு மெசின் ஒன்று அனுப்புவதாக ஓர் அலுவலகம் சொல்லியிருந்தது. பதினொரு மணிக்கு வரும் என்றார்கள். பிறகு இரண்டு மணிக்கு என்றார்கள். அப்புறம் தொலைபேசியை எடுக்கவே இல்லை. நாங்கள் சாக்குகளைக் கட்டி, தாழைப் பற்றைக்குப் பக்கத்தில் அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போனோம். இரவு நாய்கள் வந்து பார்த்தன. விடியக் காகங்கள் வந்தன. மூன்றாம் நாள் நான் போனபோது குப்பை பழையபடி கரை முழுக்கப் பரந்து கிடந்தது. ஒரு வித்தியாசம், இப்போது எங்கள் சாக்குகளும் அதற்குள் சேர்ந்திருந்தன. அன்று வந்திருந்த பிள்ளைகளில் பாதிப்பேர் அடுத்த மாதம் வரவில்லை. அவர்களை நான் குற்றம் சொல்லமாட்டேன்.

மும்பாயிலும் இதுதான் நடந்தது. வெர்சோவாக் கடற்கரையில் அஃப்ரோஸ் ஷா என்ற வழக்கறிஞரும் 84 வயதான அயல்வீட்டு முதியவர் ஒருவரும் 2015 ஒக்டோபரில் குப்பை பொறுக்கத் தொடங்கினார்கள். கிழமைக்குக் கிழமை ஆட்கள் சேர்ந்தார்கள். 2016இல் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் அமைப்பு தன் மிகப் பெரிய விருதான ‘பூமியின் நாயகர்’ விருதை ஷாவுக்குக் கொடுத்தது. அதைவிடப் பெரிய பொன்னாடை உலகத்தில் கிடையாது. அடுத்த வருடம், 2017 நவம்பரில், அவர் வேலையை நிறுத்திவிட்டதாக அறிவித்தார். தொண்டர்களைச் சிலர் வந்து ஏசி மிரட்டுகிறார்கள், சேர்த்த குப்பையை ஏற்ற வண்டி ஒழுங்காக வருவதில்லை என்பவைதான் காரணங்கள். அரசாங்கம் உறுதி கொடுத்த பிறகுதான் திரும்பத் தொடங்கினார். விருதால் ஒரு சாக்கைக்கூட ஏற்ற முடியவில்லை, தம்பி.

ஆகவே, கழகத்துக்கு நான் சொல்வது இதுதான். கேடயத்துக்கும் பந்தலுக்கும் ஒதுக்கிய காசை எண்ணிப் பாருங்கள். ஊரில் உழவு மெசின் வைத்திருக்கிறவர்கள் இருப்பார்கள். வயல் வேலை இல்லாத ஞாயிறில் டீசலுக்கும் சாரதிக்கும் எவ்வளவு என்று கேளுங்கள். வருடத்துக்குப் பன்னிரண்டு ஞாயிறு. ‘அடுத்த ஒரு வருடத்துக்கு மெசின் எங்கள் பொறுப்பு’ என்று மேடையில் அறிவியுங்கள். பிரதேச சபைக்கும் எழுதி, குப்பையை எந்த இடத்தில், எத்தனை மணிக்கு ஏற்றுக்கொள்வார்கள் என்று கடிதத்தில் பதில் வாங்குங்கள். வாய்ப்பேச்சில் வேண்டாம். செயலாளர் நீங்கள்தானே, கடிதத் தலைப்பும் இறப்பர் முத்திரையும் உங்களிடம்தான் இருக்கும். அக்காவுக்கு அந்தத் தொலைபேசித் தொல்லை இல்லாமல் போனாலே பெரிய காரியம். கையுறையை மறக்கவேண்டாம். கேட்டதை முதலில் கொடுக்கவேண்டும்.

பிரதம அதிதி கட்டாயம் வேண்டுமென்றால் மெசின் சாரதியை மேடைக்கு அழையுங்கள். பகிடிக்குச் சொல்லவில்லை. அல்லது உங்கள் பகுதியில் தினமும் குப்பை அள்ளும் சுகாதாரத் தொழிலாளர் ஒருவரை அழையுங்கள். நாங்கள் மாதத்தில் ஒருநாள் கையுறை போட்டுச் செய்து, படம் எடுத்துக்கொள்கிற வேலையை அவர்கள் கிழமைக்கு ஆறு நாள் செய்கிறார்கள். படம் எடுப்பதில் எனக்குக் கோபமில்லை, எடுங்கள். மாலை போடுவதென்றால் மட்டும் பூமாலையாக இருக்கட்டும். பிளாஸ்ரிக் மாலைக்கு 2023 ஒக்டோபர் 1 முதல் தடை. பொன்னாடை சுற்றி வருகிற அந்த மெல்லிய பொலித்தீன் உறையையும் மேடையில் உரித்துக் கீழே போட்டுவிடாதீர்கள். அப்படிப் போட்டதை நான் கண்டிருக்கிறேன், அதுவும் சுற்றாடல் தின விழாவில்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். அக்கா கொப்பி எழுதுகிறாரா?

தபால்காரர் எழுதுகிறார். எல்லாம் முடிந்து மற்றவர்கள் பிளேன்டீ குடிக்கும்போது, அவர் ஒரு சாக்கைக் கவிழ்த்துக் கொட்டி, தடியால் கிளறி, பள்ளிக்கூடக் கொப்பியில் நாலு கோடு, குறுக்கே ஒன்று என்று போட்டுக்கொண்டே போகிறார். போத்தல், மூடி, லஞ்ச் சீட், ஸ்ட்ரோ, சாஷே என்கிற சின்னப் பைக்கற். உத்தியோக காலத்துப் பழக்கம் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் விளங்கியது, இந்த வேலையின் மூளை அந்தக் கொப்பிக்குள்தான் இருக்கிறது. செப்டெம்பர் மூன்றாம் சனிக்கிழமை உலகம் முழுக்க நடக்கிற கரையோரத் துப்புரவு நாளும் அப்படித்தான் தொடங்கியது. 1986இல் அமெரிக்காவின் டெக்சஸ் கரையில் லிண்டா மரானிஸ், கெத்தி ஓஹரா என்ற இரண்டு பெண்கள் 2,800 பேரைத் திரட்டினார்கள். பொறுக்குவதோடு விடாமல் ஒவ்வொன்றையும் எண்ணி எழுதவும் சொன்னார்கள். என்ன கிடக்கிறது என்று தெரிந்தால்தான் அது எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம்.

எங்கள் கரையில் அந்தக் கேள்விக்குப் பாதிப் பதில் முதுகுப் பக்கத்தில் இருக்கிறது. மட்டக்களப்பு வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீளம். அதற்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை, இரண்டு பக்கத்துக் கான்களும் அதற்குள்தான் விழுகின்றன. மாரியில் வெள்ளம் ஏறி வயலும் வீடும் தாழப் பார்க்கும்போது வாவி கடலில் சேரும் முகத்துவாரத்தை வெட்டிவிடுவார்கள். தண்ணீர் கடலுக்குப் பாயும். ஒரு வருடத்துக் குப்பையும் அதோடு பாயும். கடல் அதை வைத்துக்கொள்வதில்லை, கொஞ்சநாளில் கரையில் கொண்டுவந்து போட்டுவிடும். தபால்காரரின் கொப்பியில் தை மாதப் பக்கங்கள் மட்டும் கறுத்துப்போய் இருப்பது அதனால்தான். கடற்கரைச் சனம்தான் குப்பை போடுகிறது என்று திட்டுகிறவர்களுக்கு அந்தப் பக்கங்களைக் காட்டலாம். படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைச் சந்தையில் வாங்கிய பொருளின் உறை கல்லடிக் கரையில் வந்து சேர நடக்கத் தேவையில்லை.

20 மில்லிலீற்றருக்குட்பட்ட சாஷேக்களை, உணவும் மருந்தும் தவிர, 2021 மார்ச் கடைசியில் தடைசெய்தார்கள். தடை வேலை செய்கிறதா என்பதைக் கொழும்பிலிருந்து ஒருவர் வந்து சொல்லவேண்டியதில்லை. ஆறு வருடம் ஒரே கரையில் மாதாமாதம் பொறுக்குகிற ஒருவர் எழுதி வைத்திருந்தால் அவர் சொல்வார். எழுதவில்லையென்றால், இனி எழுதுவதற்குக் கழகத்தில் கையெழுத்து வடிவான பிள்ளை ஒன்றை அக்காவோடு அனுப்புங்கள். அதுவும் கௌரவம்தான்.

வாழ்த்துப்பா விஷயம். மன்னிக்கவேண்டும், நான் எழுதமாட்டேன். ‘கடல்தாயின் தவப்புதல்வி’ என்றெல்லாம் என்னால் வராது, வந்தாலும் அக்கா சிரிப்பார். ஆனால் கொப்பி இருக்கிறதென்றால் ஒரு வேலை செய்யலாம். ஆறு வருடத்தில் எத்தனை ஞாயிறு, எத்தனை சாக்கு, எத்தனை பம்பஸ், எத்தனை ஒற்றைச் செருப்பு என்று கூட்டி, ஒரு தாளில் எழுதித் தருகிறேன். மேடையில் அதை மட்டும் வாசியுங்கள். கொப்பிகளை ஒரு கிழமைக்கு இரவல் தருவாரா என்று கேட்டுச் சொல்லுங்கள். நான் களுவாஞ்சிக்குடிக்கு வந்தே எடுத்துக்கொள்கிறேன்.