எந்த மொழியை முதலில் படிப்பது? சிஸ்டம் அட்மின் கேள்வி பதில்

கோத்தகிரி: அண்ணா, டீ ஃபேக்டரியில் இரண்டு லினக்ஸ் சர்வர்கள் என் பொறுப்பில். முதலில் பாஷ் படிப்பதா, பைத்தான் படிப்பதா?

பாஷ்தான் தம்பி. லாகின் செய்ததும் எதிரே நிற்கும் ஷெல், அதாவது நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் புரோகிராம், அதுதான். பச்சை இலை எடைக் கணக்கு சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த பட்டியல்) வந்தால், எடைப் பத்தியை மட்டும் எடுத்துக் கூட்ட உரையை வரி வரியாக அலசும் ஆக் (awk) மொழியில் ஒரே வரி போதும். 1977-இல் பிறந்த கருவி, இன்றும் ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கிறது. கட்டளைகளை எழுதி வைக்கும் ஸ்கிரிப்ட் நூறு வரியைத் தாண்டினாலோ, ஜேசன் என்ற தரவு வடிவம், வேறு மென்பொருளோடு பேசும் ஏபிஐ என்று வந்தாலோ பைத்தானுக்குப் போய்விடுங்கள்.

குன்னூர்: ஷெல் ஸ்கிரிப்ட் மேலோட்டமாகத் தெரிந்தால் போதாதா?

போதாது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு ஜூலைக் காற்றில் ராத்திரி முழுக்க கரண்ட் போய்ப் போய் வந்தது. சர்வர் எழுந்துவிட்டது, டேட்டா டிஸ்க் மட்டும் மவுண்ட் ஆகவில்லை, அதாவது அதன் ஃபோல்டரில் இணையவில்லை. அதிகாலை மூன்று மணிக்கு, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் க்ரான் என் பேக்கப் ஸ்கிரிப்டை ஓட்டியது. அதில் கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க், கூடவே மூலத்தில் இல்லாததை நகலிலும் அழிக்கும் டெலீட் ஆப்ஷன். மூல ஃபோல்டர் காலியாக இருந்ததால் பேக்கப்பையும் அதேபோல் காலி செய்துவிட்டது. நல்லவேளை, டிஸ்க் பிழைத்திருந்தது. பிழை வந்தால் நிறுத்தும் செட் ஈ போட்டுத்தான் இருந்தேன். ஆனால் காலி ஃபோல்டர் பிழை ஆகாதே! இப்போது ஆர்சிங்க்குக்கு முந்தைய வரியில் மவுண்ட்பாயின்ட் கட்டளை இருக்கிறது. டிஸ்க் மவுண்ட் ஆகாவிட்டால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்று எனக்கு மெயில் அனுப்பும். அட்மினுக்கு ஷெல் இந்த அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஊட்டி: எங்கள் ரிசார்ட்டில் எல்லாமே விண்டோஸ், சார்.

அப்படியென்றால் விண்டோஸின் ஷெல்லான பவர்ஷெல். அதில் ஒரு கட்டளையின் விடையை அடுத்த கட்டளைக்குத் தரும் பைப் வழியே போவது வெறும் எழுத்து அல்ல, பெயரிட்ட பண்புகள் கொண்ட ஆப்ஜெக்ட். நின்றுபோன சர்வீஸ்களைத் தேட வரியை வெட்டிப் பிரிக்க வேண்டாம், ஸ்டேட்டஸைக் கேட்டாலே போதும். 2016 முதல் லினக்ஸிலும் ஓடுகிறது.

கூடலூர்: பேர்ல், கோ மொழிகள் இரண்டும் வேண்டுமா?

பேர்ல், பழைய ஸ்கிரிப்டைப் படித்துத் திருத்தும் அளவுக்கு. கன்டெய்னர் என்ற தனிப் பொதிகளில் ஆப்களை ஓட்டும் டாக்கரும் குபர்னெட்டிஸும் கோ மொழியில் எழுதியவைதான், ஆனால் அவற்றை ஓட்ட உங்களுக்கு வேண்டியது யாம்ல் என்ற அமைப்புக் கோப்பு வடிவம். கோ மொழியை அப்புறம் பார்க்கலாம்.

மஞ்சூர்: மழைக்காலத்தில் நெட் அடிக்கடி போய்விடுகிறது. எப்படிப் படிப்பது?

கட்டளைகளின் கையேடான மேன் பக்கங்கள் உங்கள் மெஷினிலேயே இருக்கின்றன. நெட் வரும் நாளில் ஸ்கிரிப்டில் தவறு தேடும் ஷெல்செக்கை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மாறிக்கு (வேரியபிள்) மேற்கோள் குறி விட்டுப்போனால் உடனே காட்டும். "இலை கணக்கு ஜூலை" என்று இடம் விட்டுப் பெயர் வைத்த கோப்பை ஷெல் மூன்று கோப்பாக நினைப்பது அந்தக் குறி இல்லாததால்தான்.