ஸ்ட்ராவாவில் குடோஸ் கூடத் தராத நண்பர்களை எப்போது நீக்கலாம்?

கேட்டவரின் நிலைமை இது: ஓட்டத்தையும் நடையையும் பதிந்து நண்பர்களோடு பகிரும் ஸ்ட்ராவா ஆப்பில் 200 பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். கட்டைவிரலைத் தட்டிப் பாராட்டுகிற குடோஸ் தருவது அதில் பத்துப் பேர்தான். மற்றவர்கள் எது போட்டாலும் கண்டுகொள்வதில்லை, சிலர் மாதக்கணக்கில் எதையும் பதிவதே இல்லை. இவர்களை எப்போது நீக்குவது என்கிறார்.

குடோஸ் தரவில்லை என்பதற்காக மட்டும் நான் யாரையும் நீக்குவதில்லை. ஒரு பதிவுகூட இல்லாமல் ஒரு வருடம் போய்விட்டால் நீக்குவேன். முகம் தெரியாத ஆள் என்றால் அன்றைக்கே நீக்குவேன். காரணங்கள் வேறு வேறு என்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

முதலில் இந்தக் கட்டைவிரல் விஷயம். ஞாயிற்றுக்கிழமை காலை பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் ஓடி முடித்துவிட்டு, டிபன் வருவதற்குள் ஃபீடைத் தள்ளித் தள்ளி வரிசையாகத் தட்டிக்கொண்டே போகிறவர்களைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். யார் ஓடினார்கள், எவ்வளவு தூரம் என்று ஒன்றையும் படிப்பதில்லை. ஃபீடில் இருக்கிற எல்லோருக்கும் ஒரே சொடுக்கில் குடோஸ் போடுவதற்கென்றே பிரவுசர் எக்ஸ்டென்ஷன்கள்கூட இருக்கின்றன. அப்படி வந்து விழுகிற குடோஸை வைத்து யார் நண்பர் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

இதற்கு நேரெதிராக என் பட்டியலில் ஒரு பெரியவர் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். மகன் வாங்கிக் கொடுத்த வாட்சிலிருந்து அவருடைய நடை தானாக ஏறிவிடும். குடோஸ் பட்டன் எங்கே இருக்கிறது என்பதாவது அவருக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம். ஆனால் நேரில் பார்த்தால், "என்னம்மா, நேத்து ஏழரைக்கு மேலயா கிளம்பினே? இந்த வெயில்ல வேண்டாம்மா" என்பார். தூரத்தையும் வேகத்தையும் விட்டுவிட்டு, கிளம்பிய நேரத்தைப் பார்க்கிற ஒரே ஆள் அவர்தான். ஆப்பின் கணக்கில் அவர் பதிலே தராத ஃபாலோயர்.

கார்மின் மாதிரி வாட்ச் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். ஓடி முடித்ததும் வாட்ச் தானாகவே ஸ்ட்ராவாவுக்கு அனுப்பிவிடும். ஆப்பை மாதக்கணக்கில் திறக்காதவர்கூட நம் ஃபீடில் நாள் தவறாமல் வந்துகொண்டிருப்பார். நாம் என்னவோ அவர் பார்த்துவிட்டும் பேசாமல் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்கிறோம்.

அப்புறம், நம்மைவிடக் குறைவாக ஓடுகிறவர்களை நீக்கத் தயங்குவதற்கு எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. எம்ஐடியின் சினான் அரால், கிறிஸ்டோஸ் நிக்கோலைட்ஸ் இருவரும் 2017-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு ஓட்ட வலையமைப்பில் இருந்த சுமார் 11 லட்சம் பேரின் ஐந்து ஆண்டுப் பதிவுகளை எடுத்து, ஒருவர் ஓடினால் அவர் நண்பரும் ஓடுகிறாரா என்று பார்த்தார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஓடுகிறவர்கள் ஓடுகிறவர்களோடுதான் சேருவார்கள், எனவே யார் யாரைத் தூண்டினார் என்று பிரிப்பது கஷ்டம். அதற்கு அவர்கள் வானிலையைப் பிடித்தார்கள். ஒருவர் ஊரில் மழை, அவர் ஓடவில்லை. மழையே இல்லாத வேறு ஊரில் இருக்கும் அவருடைய நண்பரின் ஓட்டம் அன்று குறைகிறதா? குறைந்தது. நண்பர் கூடுதலாக ஒரு கிலோமீட்டர் ஓடினால் நாம் சராசரியாக 0.3 கிலோமீட்டர் கூடுதலாக ஓடுகிறோம் என்பது அவர்கள் கணக்கு. எனக்குப் பிடித்தது அதற்கடுத்த முடிவு: குறைவாக ஓடுகிறவர் அதிகம் ஓடுகிறவரைத் தூண்டுகிறார், மறுபக்கமாக அது நடப்பதில்லை. நம்மைவிட வேகமான ஆளைப் பார்த்தால் பெருமூச்சுதான் வரும். நமக்குப் பின்னால் இருந்தவர் நெருங்குகிறார் என்றால்தான் கால் தானாக வெளியே போகிறது. வாரத்துக்கு இரண்டு நாள், மெதுவாக, யாரோடும் பேசாமல் ஓடுகிற அந்த நபரைத்தான் முதலில் நீக்கத் தோன்றும். நம்மை எழுப்பிவிடுவதும் அவராகவே இருக்கலாம்.

சரி, பதிவே போடாதவர்களுக்கு வருவோம். ஏன் ஒரு வருடம்? சென்னையில் ஓட்டத்துக்கென்று ஒரு பருவம் இருக்கிறது. ஜனவரியில் மாரத்தான். அது முடிந்ததும் பாதிப் பேர் ஷூவைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவார்கள். மார்ச்சில் பரீட்சை, பிள்ளைகள் படிப்பு. ஏப்ரலில் இருந்து ஜூன் வரை வெயில், காலை ஆறு மணிக்கே பனியன் பிழியலாம். ஆகஸ்ட் வாக்கில் அடுத்த மாரத்தானுக்குப் பயிற்சி தொடங்கும்போதுதான் காணாமல் போன பெயர்கள் ஒவ்வொன்றாக ஃபீடில் முளைக்கும். மே மாதத்தில் உட்கார்ந்து பட்டியலைச் சுத்தம் செய்கிறவர், ஆகஸ்டில் ஓட வரப்போகிறவர்களையும் சேர்த்துத்தான் நீக்குகிறார்.

உடம்பின் கணக்கும் இப்படித்தான். எலும்பில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், அதாவது தொடர்ந்து அடி வாங்கியதால் வரும் மெல்லிய விரிசல், வந்தால் ஆறு முதல் எட்டு வாரம் ஓட முடியாது, அதற்குப் பிறகும் மெதுவாகத்தான் கூட்ட வேண்டும். சிக்குன்குனியா வந்தவர்களுக்கு மூட்டு வலி மாதக்கணக்கில் நீடிப்பது சாதாரணம். குழந்தை பெற்றவர் குறைந்தது 12 வாரம் கழித்தே ஓடத் தொடங்கலாம் என்று 2019-இல் பிரிட்டிஷ் பிசியோதெரபிஸ்ட்கள் எழுதிய வழிகாட்டி சொல்கிறது. கர்ப்ப காலத்தையும் சேர்த்தால் வருடமே ஓடிவிடும். நம் ஊரில் யாரும் "நான் கர்ப்பமாக இருக்கிறேன், அதனால் ஓடவில்லை" என்று ஆப்பில் எழுதிப் போட மாட்டார்கள். மூன்று மாதக் கெடு வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் முதலில் அடிபடுவது இவர்கள்தான்.

தெரிந்தவர் என்றால் நீக்குவதற்கு முன் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புவேன். அதில் ஓட்டத்தைப் பற்றிப் பேசவே மாட்டேன். "ஏன் ஆளையே காணோம், ஓடலையா?" என்று கேட்டால் வாத்தியார் வருகைப்பதிவு எடுக்கிற மாதிரி இருக்கும், பதிலும் வராது. எப்படி இருக்கிறீர்கள், வீட்டில் எல்லோரும் சௌக்கியமா, அவ்வளவுதான். முன்பு என்னோடு வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு இப்படி அனுப்பியபோது வந்த பதில்: "அக்கா, முட்டி போயிடுச்சு. போன்ல இருந்து அந்த ஆப்பையே தூக்கிட்டேன். நீங்கல்லாம் ஓடறதப் பாத்தா வயிறு எரியுது." பக்கத்திலேயே சிரிக்கிற பொம்மை. அவளுக்கு நான் வேண்டாதவள் இல்லை, அந்த ஃபீடுதான் வேண்டாம். அவள் கணக்கு என் பட்டியலில் அப்படியே இருக்கிறது. இருப்பதால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை, பதிவே வராத கணக்கு ஃபீடில் இடத்தை அடைக்கப் போவதில்லை.

கண்டிப்பு காட்ட வேண்டிய இடம் வேறு. ஸ்ட்ராவாவில் இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. நீங்கள் ஃபாலோ செய்கிறவர்கள் ஒன்று, உங்களை ஃபாலோ செய்கிறவர்கள் இன்னொன்று. நீக்குவதைப் பற்றிப் பேசும்போது பலர் முதல் பட்டியலையே பிடித்துக்கொள்கிறார்கள். அதில் இருப்பவர் தொல்லையாக இருந்தால் மியூட் செய்தால் போதும், அவர் பதிவுகள் நம் ஃபீடில் வராது. தினமும் நாயோடு நடப்பதையெல்லாம் போடுகிறவருக்கு அதுவே சரியான மருந்து. ஆபத்து இரண்டாவது பட்டியலில் இருக்கிறது. ஒரு பெண் வாரத்தில் நான்கு நாள், அதிகாலை ஒரே நேரத்தில், ஒரே தெருவில் தனியாக ஓடுகிறாள் என்ற தகவல் வரைபடத்தோடு யாருக்குப் போகிறது? பதிலே தராமல் பார்த்துக்கொண்டிருக்கும் ஆள் யார் என்று தெரியாவிட்டால் அவரை வைத்திருக்க எந்தக் காரணமும் இல்லை. பிரெஞ்சு நாளிதழ் ல மோந்த் 2024-இல் நாட்டுத் தலைவர்களின் மெய்க்காப்பாளர்களுடைய ஸ்ட்ராவா கணக்குகளை வைத்தே தலைவர்கள் போய்த் தங்கும் இடங்களைக் கண்டுபிடித்துக் காட்டியது. பாதுகாப்பே தொழிலாக இருப்பவர்கள் கதியே அது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. உங்கள் கணக்கு எல்லோருக்கும் தெரியும்படி இருந்தால், ஃபாலோயரை நீக்குவதால் பெரிய பயன் இல்லை. அவர் ஃபாலோ செய்யாமலே பார்க்கலாம், மறுபடியும் ஃபாலோ செய்யலாம். எனவே முதலில் ப்ரொஃபைல் பக்கத்தையும் பதிவுகளையும் ஃபாலோயர்களுக்கு மட்டும் என்று மாற்றுங்கள், பிறகு பட்டியலில் கை வையுங்கள். வீட்டு முகவரியைச் சுற்றி 1.6 கிலோமீட்டர் வரை வரைபடத்தை மறைக்கும் வசதியும் அதே பிரைவசி பக்கத்தில்தான் இருக்கிறது. நீக்கினால் அந்த நபருக்கு அறிவிப்பு எதுவும் போகாது.

என் ஒரு வருடக் கெடு செல்லாத இடம் அலுவலக அணிப் போட்டி. நடையை எண்ணும் ஃபிட்பிட் ஆப், நண்பர்களோடு போட்டி போடும் தன் சேலஞ்ச் வசதியை 2023 மார்ச்சில் எடுத்துவிட்ட பிறகு எங்கள் அலுவலகக் கூட்டம் வாட்ஸ்அப் குழுவுக்கும் கூகுள் ஷீட்டுக்கும் மாறிவிட்டது. அணியின் சராசரி நடைக் கணக்குதான் மதிப்பெண். அங்கே ஒருவர் இரண்டு வாரம் பூஜ்யம் காட்டினால் மற்றவர்களின் உழைப்பு வீணாகிறது. ஷீட்டிலிருந்து பெயரை எடுத்துவிட வேண்டியதுதான். ஆனால் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்குவதற்கு முன் தனியாகச் சொல்லிவிடுங்கள். அட்மின் நீக்கினார் என்ற வரி குழுவில் எல்லோர் கண்ணிலும் படும், அது வீண் மனக்கசப்பு.

மைஃபிட்னஸ்பால் மாதிரி சாப்பாட்டைப் பதியும் ஆப்களிலும் நான் கறார்தான். எடையும் தட்டில் விழுந்ததும் எனக்கு அந்தரங்கம். தானும் எழுதுகிறவர்கள் மட்டும் அங்கே இருந்தால் போதும். நிறுத்திவிட்டவர் என் நைட் டிபன் என்ன என்று தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறார்?

நீக்கியவர் நேரில் கேட்டால் என்ன சொல்வது என்ற பயம் பலருக்கு இருக்கிறது. எனக்கு ஒருமுறை நடந்தது. ஒரு வருடத்துக்கு மேல் பதிவே இல்லாத தெரிந்தவர் ஒருவர், மாரத்தானுக்கு முன் பிப் (சட்டையில் குத்தும் எண் அட்டை) வாங்கும் வரிசையில் நிற்கும்போது, "மேடம், லிஸ்ட்ல இருந்து என்னைத் தூக்கிட்டீங்களாமே" என்றார். "ஆமா சார், ரொம்ப நாளா ஆளில்லை, எடுத்துட்டேன். ஓட ஆரம்பிச்சா ரிக்வெஸ்ட் குடுங்க" என்றேன். அங்கேயே நின்றபடி கொடுத்தார், நானும் ஏற்றுக்கொண்டேன். இப்போது வாரத்துக்கு இரண்டு முறை ஓடுகிறார். குடோஸ் மட்டும் இன்னும் ஒன்றுகூட வரவில்லை.