சிதம்பரத்தில் ஆய்வாளர்கள் எங்கே உண்பது? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் தில்லியில் வரலாறு கற்பிக்கிறேன். வரும் ஆகஸ்டு மாதம் மூன்று வாரங்கள் அண்ணாமலைப் பல்கலைக்கழக நூலகத்தில் படிக்கவும், நடராசர் கோயில் கல்வெட்டுகளைப் பார்க்கவும் சிதம்பரம் வருகிறேன். நான் சைவம் மட்டுமே உண்பவள். உடன் வரும் ஜப்பானியப் பேராசிரியருக்கு மீன் வேண்டும். ஆனால் மிளகாய்க் காரம் ஒத்துக்கொள்ளாது. அண்ணாமலை நகரில் தங்குகிறோம். எங்கே, எப்படிச் சாப்பிடலாம்?
- வாசகி, புதுதில்லி

பதில்: முதலில் ஊரின் அமைப்பை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இருப்புப்பாதைக்குக் கிழக்கே பல்கலைக்கழகமும் அதைச் சுற்றிய அண்ணாமலை நகரும், மேற்கே பேருந்து நிலையமும் கோயிலும் கடைவீதிகளும் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே இரண்டு மூன்று கிலோமீட்டர்தான் என்றாலும், நண்பகல் வெயிலில் நூலகத்திலிருந்து எழுந்து கோயில் பக்கம் சென்று உண்டு திரும்புவதற்குள் அரை நாள் போய்விடும். ஆகவே காலையுணவையும் இரவுணவையும் கோயில் வீதிகளிலும், மதிய உணவைப் பல்கலைக்கழகத்தை ஒட்டியும் வைத்துக்கொள்வதே ஆய்வாளருக்கு ஏற்ற ஏற்பாடு. அங்கே நான்கு ஆண்டுகள் விடுதியில் தங்கிப் படித்தவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

1929இல் தொடங்கியபோதே மாணவர்கள் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகமாக அது அமைக்கப்பட்டதால், அண்ணாமலை நகரின் சமையல் வெளியூர்ப் பிள்ளைகளுக்குத் தினமும் வயிறு நிறையப் போடும் மெஸ் சமையலாகவே வளர்ந்தது. சோறு, சாம்பார், ரசம், ஒரு பொரியல், மோர் என்று எளிமையாக இருக்கும். அளவு குறையாது, விலையும் கடிக்காது. விடுதி மெஸ்ஸில் உண்ண விரும்பினால், நீங்கள் செல்லும் துறையில் உள்ள ஒருவரிடம் முன்னதாகச் சொல்லி அவர் துணையோடு செல்வதே முறை. ஆகஸ்டில் வகுப்புகள் நடப்பதால் உங்களுக்குக் கவலையில்லை. மே மாத விடுமுறையில் வருபவர்கள் மட்டும் சிற்றுண்டிச் சாலைகளும் சிறு மெஸ்களும் பாதிக்குமேல் மூடியிருக்கும் என்பதை எதிர்பார்த்து வர வேண்டும். இரவு நெடுநேரம் படித்துவிட்டுப் பசியோடு எழுந்தால் அண்ணாமலை நகரிலேயே உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைப் பக்கம் செல்லுங்கள். நோயாளிகளுக்குத் துணையாக வருபவர்களை நம்பி அங்கே கடைகள் மற்ற இடங்களைவிடத் தாமதமாகவே அடைக்கும்.

இனி நீங்கள் தவறவிடக் கூடாததைச் சொல்கிறேன். சிதம்பரத்துக்கு வந்து கொத்சு உண்ணாமல் திரும்பும் அறிஞர்களைப் பார்த்து நான் உண்மையிலேயே வருந்தியிருக்கிறேன். கத்தரிக்காயை வதக்கி மசித்து, புளிக்கரைசலில் கொதிக்கவிட்டு, கொத்தமல்லி விதையையும் காய்ந்த மிளகாயையும் வறுத்துப் பொடித்த பொடியைத் தூவி, நல்லெண்ணெய் மேலே மிதக்க இறக்குவது அது. சட்டினியின் இடத்திலும் வைக்க முடியாது, சாம்பாரின் இடத்திலும் வைக்க முடியாது. இட்லியோடு தொட்டுக்கொண்டால் கத்தரிக்காயின் வழவழப்பும் வறுத்த மல்லியின் மணமும் கடைசி விள்ளல் வரை நிற்கும். நான்கு தேரோடும் வீதிகளிலும் பேருந்து நிலையத்தின் பக்கத்திலும் உள்ள சைவ உணவகங்களில் காலையில் கிடைக்கும் என்றாலும் எல்லாக் கடைகளிலும் எல்லா நாளும் இராது. அதனால் இலை போடுவதற்கு முன்பே "இன்றைக்குக் கொத்சு உண்டா?" என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். ஒன்பது மணிக்குமேல் போனால் தீர்ந்துவிட்டது என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும்.

கொத்சுவின் இணை சம்பா சாதம். நடராசருக்கு நைவேத்தியமாகப் படைக்கப்படும் இந்தச் சோற்றில் மிளகாயே கிடையாது. மிளகையும் சீரகத்தையும் வறுத்துப் பொடித்து நெய் விட்டுக் கலப்பார்கள். உங்கள் நண்பருக்கு ஒத்துக்கொள்ளாதது மிளகாய் என்கிறீர்கள். மிளகின் காரம் நாக்கில் தங்கி எரிவதில்லை, தொண்டையில் சூடாக இறங்கிவிடும் என்பதால் இதை அவர் துணிந்து உண்ணலாம் என்றே நினைக்கிறேன். உடன் வரும் கொத்சுவை விரல் நுனியில் எடுத்துச் சுவை பார்த்தால் அவருக்குப் போதும். உணவகங்களில் சம்பா சாதத்தைத் தேடி அலைவதைவிட, கோயிலில் பூசை செய்யும் தீட்சிதர் ஒருவரிடம் முதல் நாளே சொல்லிவைத்துப் பிரசாதமாகப் பெறுவது நல்லது. கல்வெட்டுப் பார்க்கக் காலையில் செல்லும் நாளிலேயே இதையும் வைத்துக்கொள்ளுங்கள். நண்பகலில் நடை சாத்திவிட்டால் மாலையில்தான் மீண்டும் திறக்கும்.

மீனுக்கு ஊரை விட்டுச் சற்றுக் கிழக்கே போக வேண்டும். நகரத்து அசைவ உணவகங்களிலும் மீன் வறுவல் உண்டு. ஆனால் மிளகாய்த்தூளும் மசாலாவும் தடவி ஊறவைத்த துண்டுகளைத்தான் எடுத்துப் பொரிப்பார்கள் என்பதால், உட்கார்ந்த பிறகு காரத்தைக் குறைக்கச் சொல்லிப் பயனில்லை. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே பிச்சாவரத்து அலையாத்திக் காடும் உப்பங்கழியும் இருக்கின்றன. போகும் வழியில் கிள்ளை என்ற ஊர் இருக்கிறது. கழியில் பிடிக்கும் இறாலும் சேற்று நண்டும் மடவையும் அங்கே புதிதாகக் கிடைக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் படகில் சென்று அலையாத்திக் காட்டைப் பார்த்துவிட்டு, சமைத்துத் தரும் இடத்தில் முன்கூட்டியே சொல்லி, உப்பும் மஞ்சளும் மிளகும் மட்டும் சேர்த்துத் தரச் செய்யுங்கள். உங்களுக்கு வேண்டிய தயிர்ச்சோற்றைக் கையில் எடுத்துச் செல்வது நல்லது. வேறு மாதங்களில் வருபவர்களுக்காக ஒன்று: கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதால் கடல்மீன் அருகி விலை ஏறியிருக்கும், அப்போது கழி மீனையே கேட்பது அறிவுடைமை. அந்தக் கோடையில்தான் பண்ருட்டிப் பலாச்சுளை சிதம்பரத்துத் தெருக்களில் மணக்கும் என்பது அவர்களுக்கு ஆறுதல்.

கேள்வி: எங்கள் துறையில் நடக்கும் மூன்று நாள் கருத்தரங்குக்குப் பல மாநிலங்களிலிருந்து பேராசிரியர்கள் வருகிறார்கள். மதிய உணவைப் பொட்டலமாக வரவழைப்பதா, உணவகத்துக்கு அழைத்துச் செல்வதா?
- உதவிப் பேராசிரியர், கடலூர் மாவட்டம்

பதில்: இரண்டும் வேண்டாம். நாற்பது பேரை உணவகத்துக்கு அழைத்துச் சென்றால் பிற்பகல் அமர்வு ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். பொட்டலத்தில் வரும் காய்கறி பிரியாணியையும் சில்லிட்ட உருளைக்கிழங்கு வறுவலையும் அவர்கள் தத்தம் ஊரிலேயே உண்டிருப்பார்கள். உள்ளூர்ச் சமையற்காரர் ஒருவரை அமர்த்தி, வளாகத்திலேயே இலை போட்டுப் பரிமாறுங்கள்; ஒரு நாளாவது சம்பா சாதமும் கொத்சுவும் இருக்கட்டும். அழைப்புக் கடிதத்திலேயே சைவமா அசைவமா, வெங்காயம் பூண்டு சேர்ப்பாரா, நீரிழிவு உண்டா என்ற மூன்று கேள்விகளையும் கேட்டுவிட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

எதைப் போடுகிறீர்கள் என்பதைவிட, சொன்ன நேரத்துக்குப் போடுகிறீர்களா என்பது முக்கியம். வேறோர் ஊரில் ஒரு கருத்தரங்கில், தலைமையுரை நீண்டுகொண்டே போக, இன்சுலின் போட்டுக்கொண்டு காத்திருந்த முதிய பேராசிரியர் ஒருவர் இரண்டரை மணிக்கு நாற்காலியிலேயே சரிந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு பிடி சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து எழுப்பினோம். அன்றிலிருந்து நான் ஏற்பாடு செய்யும் எந்தக் கூட்டத்திலும், மேடையில் யார் பேசிக்கொண்டிருந்தாலும், 1 மணிக்கு இலை போட்டுவிடுவேன்.

கேள்வி: திருவாதிரைக் களியைச் சிதம்பரத்து உணவகங்களில் உண்ண முடியுமா? மார்கழியில் ஆய்வுக்காக அங்கே இருப்பேன்.
- ஆய்வு மாணவர், பெங்களூரு

பதில்: களி வீட்டிலும் கோயிலிலும் செய்யும் பண்டம். வறுத்து உடைத்த அரிசியும் பாசிப்பருப்பும் வெல்லமும் தேங்காயும் நெய்யும் சேர்ந்த அதைச் சேந்தனார் இறைவனுக்கு அன்போடு படைத்த கதையைச் சொல்லிக்கொண்டே, பல காய்கள் போட்ட குழம்போடு திருவாதிரையன்று பரிமாறுவார்கள். உங்கள் நெறியாளரோ வகுப்புத் தோழர்களோ அவ்வூரில் குடியிருந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள். அன்றைக்குக் களி கேட்டு வருபவரை யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். திருவாதிரையன்று நடக்கும் ஆருத்ரா தரிசனத்துக்கு முந்தின நாள் தேர் என்பதால் அந்த இரண்டு நாளும் நான்கு வீதிகளில் வண்டி போகாது, உணவகங்களில் இடமும் கிடைக்காது. மற்ற வேளைச் சாப்பாட்டை அண்ணாமலை நகரிலேயே முடித்துக்கொண்டு நடந்து செல்லுங்கள்.