பின்னலில் ‘கண்ணிக் கணக்கு’ என்றால் என்ன? குழந்தைக் குல்லாய்க்கு முன் மாதிரித் துண்டு எதற்கு?

பிறக்கவிருக்கும் குழந்தைக்குக் குல்லாய் பின்ன உட்காருபவர்களில் பலர், பின்னல் குறிப்பின் தொடக்கத்திலேயே வரும் கண்ணிக் கணக்கைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். 10 சென்டிமீட்டர் அகலத்தில் எத்தனை கண்ணிகள், அதாவது ஊசியில் பின்னும் நூல் வளையங்கள், அமைகின்றன என்பதே அது.

நூலும் ஊசியும் ஒன்றாகவே இருந்தாலும், நூலைப் பிடிக்கும் இறுக்கம் ஆளுக்கு ஆள் மாறும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் காவடிக்கு நம் பெண்கள் சாமந்தி கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள்; எண்ணிக் கொடுத்த அதே பூக்கள் ஒருவர் கையில் நெருக்கமான ஒரு முழமாகவும், இன்னொருவர் கையில் நெகிழ்ந்து ஒன்றரை முழமாகவும் வரும்.

4 மில்லிமீட்டர் ஊசியில், டபுள் நிட் எனும் நடுத்தரத் தடிமனுள்ள நூலில், 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணிகள் என்று குறிப்பு சொன்னால், 70 கண்ணிகள் ஏறத்தாழ 32 சென்டிமீட்டர் சுற்றளவைத் தரும். உங்கள் கையில் 20 கண்ணிகளே அமைந்தால் அது 35 ஆகிவிடும். பச்சிளங்குழந்தையின் தலைச் சுற்றளவும் ஏறக்குறைய அவ்வளவே என்பதால், இழுபட்டுப் பற்றிக்கொள்ள இடமின்றிக் குல்லாய் நழுவும். ஆகவே சற்றுப் பெரிய மாதிரித் துண்டு ஒன்றைப் பின்னி, அலசிக் காயவைத்து, ஓரங்களை விட்டு நடுப்பகுதியில் எண்ணுங்கள். கண்ணிகள் குறைந்தால் மெல்லிய ஊசிக்கும், கூடினால் தடித்த ஊசிக்கும் மாறுங்கள்.

ஜோகன்னஸ்பர்க்கின் ஜூலைக் குளிருக்குக் கம்பளி ஏற்றது. டர்பனுக்குப் பருத்தியே போதும், ஆனால் பருத்தி அவ்வளவாக இழுபடாது என்பதால் அதற்குத் தனியாக எண்ண வேண்டும்.

குழந்தை வளரும், பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று பலர் நினைக்கிறார்கள். சட்டைக்கு அது பொருந்தலாம், ஆனால் தளர்ந்த குல்லாய் மூக்கின் மேல் சரிந்து மூச்சை அடைக்கக்கூடும்.