மறதி, தண்டனை, இடது மூளை: வாசகர் கேள்விகளுக்கு உளவியல் பதில்கள்

உளவியல் அடிப்படைப் பாடத்தைப் படிக்கும் மாணவர்கள், பிள்ளைகளுக்காகப் படிக்கும் பெற்றோர், வெறும் ஆர்வத்தால் படிப்பவர்கள் எனப் பலரும் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

உளவியல் படித்தால் எதிரில் இருப்பவர் என்ன நினைக்கிறார், பொய் சொல்கிறாரா என்று கண்டுபிடித்துவிடலாமா?

முடியாது. ஒருவர் பேசுவதைப் பார்த்து அது பொய்யா மெய்யா என்று சொல்லும் திறனைப் பற்றி அதுவரை வந்திருந்த ஆய்வுகளைச் சார்ல்ஸ் பாண்டும் பெல்லா டிபாலோவும் 2006இல் தொகுத்துப் பார்த்தார்கள். சராசரியாக நூற்றுக்கு 54 முறைதான் சரியாகச் சொல்ல முடிந்தது. நாணயத்தைச் சுண்டிப்போட்டாலே 50 கிடைத்துவிடும். இதையே தொழிலாகச் செய்பவர்களும் மற்றவர்களைவிடத் தேறவில்லை.

1879இல் வில்ஹெல்ம் வுன்ட் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உளவியலுக்கென்று ஆய்வுக்கூடம் அமைத்தபோது அங்கே நடந்த வேலைகளில் ஒன்று, ஒரு ஒலியைக் கேட்டதும் கை அசைய எவ்வளவு நேரமாகிறது என்று அளப்பது. மனதைப் பற்றி நமக்குத் தோன்றுவதை அப்படியே ஏற்காமல் அளந்து பார்ப்பதுதான் அன்றிலிருந்து இந்தத் துறையின் வேலை. கீழே வரும் பல பதில்களும் அங்கிருந்துதான் வருகின்றன.

படித்தது மறுநாளே பாதிக்கு மேல் மறந்துவிடுகிறது. மூன்று நான்கு முறை திரும்பப் படித்தும் இதே கதைதான். எனக்கு நினைவாற்றல் குறைவா?

இல்லை. மறதி என்பது முதல் சில மணி நேரத்தில்தான் வேகமாக நடக்கும், பிறகு மெல்லத் தணியும். இதை முதன்முதலில் முறையாக அளந்தவர் ஹெர்மன் எபிங்ஹவுஸ். பொருளே இல்லாத அசைகளை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்து, தன்னையே சோதித்து, 1885இல் முடிவுகளை வெளியிட்டார். மறந்துபோன வரிசையை மறுபடி மனப்பாடம் செய்யும்போது முதல்முறையைவிட எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்பதுதான் அவருடைய அளவுகோல். 20 நிமிடத்தில் அந்த மிச்சம் 58 சதவீதமாக இறங்கியது. ஒரு நாளில் 34 அளவுக்கு வந்தது. ஆனால் ஒரு மாதம் கழித்தும் 21 சதவீதம் இருந்தது! 'சுத்தமாகப் போய்விட்டது' என்று நாம் நினைப்பதிலும் ஏதோ தங்கியிருக்கிறது. இரண்டாம் முறை படிக்கும்போது அது கைகொடுக்கிறது.

உங்கள் சிக்கல் நினைவாற்றலில் இல்லை, படிக்கும் முறையில் இருக்கிறது. திரும்பத் திரும்பப் படிக்கும்போது வரிகள் பழகிப்போகின்றன. பழக்கமானதைத் தெரிந்ததாக மனம் எடுத்துக்கொள்கிறது. ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு குழு ஒரே பகுதியை நான்கு சுற்றும் படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் படித்துவிட்டு, மீதி மூன்று சுற்றிலும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்களே முன்னணியில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து அவர்கள் நினைவில் இருந்தது சுமார் 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. இதில் நான் முக்கியமாக நினைப்பது வேறொன்று: 'எனக்கு நன்றாக நினைவிருக்கும்' என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள், நான்கு சுற்றும் படித்த குழுவினர்.

ஆகவே ஒரு பகுதியை முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, தெரிந்ததை வெற்றுத்தாளில் எழுதுங்கள். திணறுவீர்கள்; நமக்கு ஒன்றும் ஏறவில்லை என்றுகூடத் தோன்றும். அந்தத் திணறலில்தான் கற்றல் நடக்கிறது, விட்டுவிடாதீர்கள். மறுநாள் ஒரு முறை, சில நாள் விட்டு இன்னொரு முறை இதையே செய்யுங்கள். தேர்வுக்கு முந்தைய இரவு தூங்குங்கள்.

எதிர்மறை வலுவூட்டலும் தண்டனையும் ஒன்றுதானே? தேர்வில் இங்கேதான் எனக்கு மதிப்பெண் போகிறது.

இரண்டும் நேரெதிர். முதலில் ஒன்றைக் கேளுங்கள்: அந்த நடத்தை கூடியதா, குறைந்ததா? கூடினால் வலுவூட்டல், குறைந்தால் தண்டனை. பிறகு இதைக் கேளுங்கள்: ஏதாவது வந்து சேர்ந்ததா, விலகியதா? சேர்ந்தால் நேர்மறை, விலகினால் எதிர்மறை. நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கே இங்கு இடமில்லை. சீட் பெல்ட் போட்டதும் காரின் எச்சரிக்கை ஒலி நின்றுபோகிறது, அதனால் அடுத்த முறை உட்கார்ந்ததுமே போடுகிறீர்கள். இது எதிர்மறை வலுவூட்டல். பொய் சொன்ன பையனிடமிருந்து ஒரு வாரத்துக்கு ஃபோனை வாங்கி வைத்ததால் பொய் குறைந்தால் அது எதிர்மறைத் தண்டனை.

தேர்வுக்கு இவ்வளவு போதும். வாழ்க்கைக்கு இதில் இன்னும் நிறைய இருக்கிறது. பொம்மை கேட்டுக் கடையில் அழுது புரளும் குழந்தையை நினைத்துப் பாருங்கள். அப்பா வாங்கிக் கொடுத்துவிடுகிறார். அழுதால் பொம்மை கிடைக்கும் என்று குழந்தை கற்கிறது. அது நேர்மறை வலுவூட்டல். வாங்கிக் கொடுத்தால் அழுகை நிற்கும் என்று அப்பாவும் கற்கிறார். அது எதிர்மறை வலுவூட்டல். இருவரும் ஒருவரையொருவர் பழக்கிவிடுகிறார்கள், இருவருக்கும் அது தெரிவதில்லை. பயமும் இப்படித்தான் வேரூன்றுகிறது. மேடையில் பேசப் பயப்படுபவர் ஏதோ காரணம் சொல்லித் தப்பித்ததும் நிம்மதி அடைகிறார். அந்த நிம்மதி, தப்பிப்பதையே வலுப்படுத்துகிறது. அடுத்த மேடை இன்னும் பெரிதாகத் தெரிகிறது. பயத்துக்கான சிகிச்சையில், பயப்படும் சூழலைப் படிப்படியாக எதிர்கொள்ளச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தண்டனையைப் பற்றி, வலுவூட்டலை விரிவாக ஆராய்ந்த உளவியலாளர் ஸ்கின்னர் வலியுறுத்திய ஒன்றைப் பெற்றோருக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். தண்டனை ஒரு நடத்தையை அடக்கிவைக்கும்; அதற்குப் பதிலாக என்ன செய்ய வேண்டும் என்று கற்றுத்தராது. அதை நாம்தான் தனியாகச் சொல்லித்தர வேண்டும்.

என் மகள் 'வலது மூளைக்காரி', அதனால் கணிதம் வராது என்கிறார்கள். உண்மையா?

இல்லை. வலிப்பு நோய்க்காக மூளையின் இரு பாதிகளை இணைக்கும் நரம்புக் கற்றையைத் துண்டித்துக்கொண்டவர்களை ஆராய்ந்தவர் ரோஜர் ஸ்பெரி. அதற்காக 1981இல் நோபல் பரிசு பெற்றார். இரு பாதிகளுக்கும் சில வேலைகளில் சிறப்புத் தேர்ச்சி உண்டு என்று அவர் காட்டினார். பெரும்பாலோருக்குப் பேச்சு இடது பாதியில் இருக்கிறது. ஆனால் 'இவர் இடது மூளைக்காரர், அவர் வலது மூளைக்காரர்' என்று ஆட்களைப் பிரிக்க அதில் ஒன்றுமே இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் மூளை ஸ்கேன்களை 2013இல் யூட்டா பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்தும் அப்படி இரு வகை மனிதர்கள் தென்படவில்லை. கணிதம் போடும்போதும் படம் வரையும்போதும் இரு பாதிகளும் சேர்ந்தே வேலை செய்கின்றன. அந்தப் பட்டத்தை மகள் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிறுவயதில் வீட்டில் நடந்த ஒரு சண்டையைப் பற்றி எனக்கும் அண்ணனுக்கும் வேறு வேறு நினைவு இருக்கிறது. இருவரும் உறுதியாக இருக்கிறோம். ஒருவர் பொய் சொல்கிறோம் என்றுதானே அர்த்தம்?

இருவருமே நேர்மையாக இருக்கலாம், இருவருமே தவறாகவும் இருக்கலாம். நினைவு பதிவுசெய்து வைத்த காட்சி அல்ல. நினைக்கும் ஒவ்வொரு முறையும், மீந்திருக்கும் துணுக்குகளையும் பிற்பாடு கேள்விப்பட்டதையும் 'இப்படித்தான் நடந்திருக்கும்' என்ற ஊகத்தையும் வைத்து மனம் அதை மறுபடி கட்டுகிறது. பிரெடரிக் பார்ட்லெட் 1932லேயே இதை எழுதிவிட்டார்.

எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 1974இல் செய்த சோதனையில் மாணவர்கள் ஒரு கார் விபத்துப் படத்தைப் பார்த்தார்கள். 'கார்கள் இடித்தபோது என்ன வேகம் இருக்கும்?' என்று ஒரு குழுவிடமும், 'மோதி நொறுங்கியபோது என்ன வேகம் இருக்கும்?' என்று இன்னொரு குழுவிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்ற கேள்வி. படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. 'இடித்தபோது' என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள், 'நொறுங்கியபோது' என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர். கேட்ட விதமே நினைவுக்குள் புகுந்துவிட்டது.

உறுதியாகத் தோன்றுவதும் சான்று ஆகாது. 1986இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலை, அந்தச் செய்தியை எங்கே, யாரிடமிருந்து கேட்டீர்கள் என்று மாணவர்களிடம் உல்ரிக் நைசர் எழுதி வாங்கி வைத்தார். சில ஆண்டுகள் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதே கேள்வியைக் கேட்டபோது, 11 பேர் சொன்ன முக்கிய விவரங்களில் ஒன்றுகூட முதலில் எழுதியதோடு பொருந்தவில்லை. தவறாகச் சொன்னவர்களிலும் பலர் மிக உறுதியாக இருந்தார்கள். அவர்கள் கையால் எழுதிய தாளைக் காட்டிய பிறகும் பழைய நினைவு திரும்பவில்லை.

யார் சொல்வது சரி என்று பேசிப்பேசித் தீர்க்கப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறை பேசும்போதும் இருவர் நினைவும் இன்னும் மாறும். கடிதமோ புகைப்படமோ இருந்தால் பாருங்கள். இல்லையென்றால், அந்தச் சண்டை அண்ணனை எப்படிப் பாதித்தது என்று கேளுங்கள். அதை அவரால் சொல்ல முடியும்.

மார்ஷ்மெல்லோ சோதனையை என் நான்கு வயது மகனுக்கு வைத்தேன். ஒரு நிமிடம்கூடப் பொறுக்கவில்லை. கவலைப்பட வேண்டுமா?

வேண்டாம். ஒரு இனிப்பைக் குழந்தையின் முன் வைத்து, காத்திருந்தால் இரண்டு கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போகும் சோதனை அது. 1960களின் பிற்பகுதியில் வால்டர் மிஷெல் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கியது. அதிக நேரம் பொறுத்த குழந்தைகள் பிற்காலத்தில் படிப்பில் மேலாக இருந்ததாகத் தொடர் ஆய்வுகளில் தெரிந்தது, உலகமெங்கும் பரவியது. ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஒரே பல்கலைக்கழக வளாகப் பள்ளியின் பிள்ளைகள், எண்ணிக்கையிலும் குறைவு. டைலர் வாட்ஸ் குழுவினர் 2018இல் 900க்கும் மேற்பட்ட, பலதரப்பட்ட குடும்பங்களின் குழந்தைகளை வைத்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு பாதியாகக் குறைந்தது. குடும்பச் சூழலையும் குழந்தையின் ஆரம்பகால அறிவுத்திறனையும் கணக்கில் எடுத்ததும், மீதியிலும் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது.

இரண்டு விஷயங்கள் சேர்ந்தே காணப்பட்டால், ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று ஆகாது. மூன்றாவது ஒன்று இரண்டையும் உண்டாக்கியிருக்கலாம். வசதியும் அமைதியும் உள்ள வீடு, பொறுமையையும் மதிப்பெண்ணையும் சேர்த்தே தரலாம். பெரியவர்கள் சொன்ன வாக்கைக் காப்பாற்றாத இடத்தில் வளரும் குழந்தை, கையில் இருப்பதை உடனே சாப்பிடுவது அறிவுள்ள முடிவும்கூட.

மனநோய்கள் பற்றிய பாடம் படிக்க ஆரம்பித்ததிலிருந்து, படிக்கும் நோயெல்லாம் எனக்கு இருப்பதாகத் தோன்றுகிறது.

இது மாணவர்கள் பலருக்கும் வருவது. நோய்க்குறிகளின் பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் எல்லா மனிதருக்கும் எப்போதாவது வருபவை. பொதுவான வருணனையை 'இது நான்தான்' என்று எடுத்துக்கொள்வதும் மனித இயல்பு. 1949இல் வெளியான ஆய்வில் பெர்ட்ராம் ஃபோரர் தன் மாணவர்கள் அனைவருக்கும் ஒரே ஆளுமை வருணனையைத் தனித்தனியாக எழுதியதுபோலக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டதற்கு அவர்கள் தந்த சராசரி, 5க்கு 4.26.

நோயறிதலில் ஒரு குறி மட்டும் பார்க்கப்படுவதில்லை. மனச்சோர்வு என்று சொல்ல, மனம் வாடியிருப்பதோ எதிலும் ஆர்வமின்மையோ கட்டாயம் இருக்க வேண்டும். அதோடு தூக்கம், பசி, கவனம் போன்றவற்றின் மாற்றங்களும் சேர்ந்து, பட்டியலில் உள்ள ஒன்பது குறிகளில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும். அவை குறைந்தது இரண்டு வாரம், ஏறக்குறைய நாள் முழுவதும் நீடித்து, வாழ்க்கையை முடக்க வேண்டும். உங்கள் நாட்கள் அப்படி முடங்கியிருந்தால் பாடப்புத்தகத்தை வைத்து நீங்களே முடிவு செய்யாமல் உளவியலாளரையோ மனநல மருத்துவரையோ பாருங்கள். பேச்சுவழிச் சிகிச்சை பெரும்பாலும் முன்னவர் வேலை. மருந்து தேவையா என்பதை முடிவு செய்பவர் பின்னவர். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் இரண்டு வாரக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம், அன்றே போங்கள். தனியாகப் போக வேண்டாம், நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.